கருவும் கொடிவழியும்

(திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் கருவைப் பற்றியது. தாயின் வயிற்றில் வளரும் கருவிற்கும், அவ்வுயிரினம் நிலவுலகில் வளர்ந்து வந்த நெடிய கொடிவழிக்கும் என்ன தொடர்பு என்பதே கேள்வி. இக்கேள்விக்கு மேடைகளில் ஓர் ஆயத்த விடை உண்டு. 'மாந்தன் தன் தாயின் வயிற்றில் முதலில் புழுவாகிறான், பின்னர் மீனாகிறான், தவளையாகிறான், குரங்காகிறான், முடிவில் மாந்தனாகப் பிறக்கிறான், பல கோடி ஆண்டு வரலாற்றைப் பத்துத் திங்களில் நடித்துக் காட்டிவிடுகிறான்' என்பது அவ்விடை. கேட்க இனிமையாக இருக்கிறது; கையொலியும் எழுகிறது. ஆயினும் அவ்விடை பிழையானது.

இப்பிழையைச் சுட்டிக்காட்ட ஓர் உரை வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டும் என்பேன். உயிர்கள் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தன என்னும் உண்மையை ஏற்க மனமில்லாதவர்கள் இந்த ஒரு பிழையைக் கையில் வைத்துக்கொண்டு, 'பாருங்கள், இவர்கள் பொய்ப்படம் வரைந்து உலகை ஏமாற்றினார்கள். ஆகவே இவர்கள் சொல்வது முழுவதும் பொய்' என்கிறார்கள். அவர்களை மறுக்க வேண்டிய நம்மவரோ அந்தப் படத்தையே மீண்டும் அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். மெய்யைக் காக்கப் பொய்யை அரணாக நிறுத்தினால், அரண் இடியும்போது மெய்யும் இடிந்ததாகவே ஊரார் எண்ணுவர். எனவே, எது பொய், எது மெய் என்று பிரித்துக் காண்போம்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. 'பரிணாமம்' எனப் பிறர் வழங்குவதை நாம் படிமலர்ச்சி என்கிறோம். நல்ல சொல்தான், ஆனால் அதில் ஓர் இடர் ஒளிந்திருக்கிறது. மலர்ச்சி என்பது மொட்டுக்குள் முன்பே மடிந்து கிடக்கும் இதழ்கள் விரிதல். உயிரினங்களின் வரலாற்றிலோ முன்பே மடித்து வைத்த திட்டம் ஏதுமில்லை. இந்த இடர் நம் சொல்லுக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பியர் வழங்கும் 'எவல்யூசன்' என்னும் சொல்லின் இலத்தீன வேர்ப்பொருள், சுருட்டி வைத்த ஏட்டை விரித்தல் என்பதே. 18ஆம் நூற்றாண்டில் அச்சொல்லைக் கருவியலார் எடுத்தாண்டனர். முட்டையிலோ விந்திலோ முழு உயிரும் சிற்றுருவாக முன்பே அமைந்திருக்கிறது, கருவளர்ச்சி என்பது அது விரிந்து பெரிதாவதே என்று கருதியோர் அதனை அவ்வாறு அழைத்தனர். கருவுக்கு உரிய சொல்லே பின்னர்க் கொடிவழிக்கும் வந்து சேர்ந்தது. இரண்டையும் குழப்பிக்கொள்ளும் பழக்கம் சொல்லிலேயே தொடங்கிவிட்டது எனலாம்.

கருவை உற்றுநோக்கும் கலை பழையது. கோழி 21 நாள் அடைகாக்கும். அடைவைத்த முட்டைகளை நாள்தோறும் ஒன்றாக உடைத்துப் பார்த்துக் குறித்துவைத்தவர் கிரேக்கப் பேரறிஞர் அரிசுட்டாட்டில். மூன்றாம் நாளில் நெஞ்சாங்குலை ஒரு குருதிப் புள்ளியாகத் துடிப்பதை அவர் கண்டார். ஆயினும், பல உயிர்களின் கருக்களை அடுக்கி ஒப்பிட்டுப் பார்த்து நெறி வகுத்தவர், இன்றைய எசுத்தோனிய நாட்டில் 1792இல் பிறந்த கார்ல் எர்னசுட்டு வான் பேயர் என்பவர். பாலூட்டிகளின் சூல்முட்டையை 1827இல் முதன்முதலாகக் கண்டறிந்து சொன்னவரும் இவரே. 1828இல் வெளிவந்த தம் நூலில் இவர் ஒரு செய்தியைச் சொல்கிறார். சாராயத்தில் இட்டுவைத்த இரண்டு சிறு கருக்கள். குப்பிகளின்மேல் பெயரெழுத மறந்துவிட்டார். பின்னர் எடுத்துப் பார்த்தால், அவை பல்லியினவோ, சிறு பறவையினவோ, பாலூட்டியினவோ என்று அவராலேயே சொல்ல முடியவில்லை! அவரினும் கருவறிந்தவர் அன்று உலகில் எவருமிலர். அவருக்கே விளங்கவில்லையென்றால் ஒப்புமை எத்துணைப் பெரிது என்று எண்ணிப் பாருங்கள்.

ஆனால், வான் பேயர் இதிலிருந்து என்ன முடிவுக்கு வந்தார் என்பதைக் கவனியுங்கள். 'கோழிக்கரு மீனாகிப் பின் கோழியாகிறது' என்று அவர் சொல்லவில்லை. அவ்வாறு சொல்லிவந்த மெக்கல், செரே ஆகியோரை அவர் கடுமையாக மறுத்தார். ஒரு பெருங்குழுவிற்குப் பொதுவான கூறுகள் கருவில் முதலில் தோன்றும். சிறப்புக் கூறுகள் பின்னர்த் தோன்றும். ஓர் உயிரின் கரு வேறோர் உயிரின் முழுவளர்ச்சியுற்ற வடிவை ஒருபோதும் ஒத்திராது, அதன் கருவையே ஒத்திருக்கும். இதுவே அவர் நெறி. மாந்தக்கரு மீனை ஒத்ததன்று. மீனின் கருவை ஒத்தது. சிறு வேறுபாடு போலத் தோன்றும். வழக்கு முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது.

1859இல் வெளிவந்த நூலில் சார்லசு தார்வின் இந்தக் கருவியல் உண்மைகளைத் தம் கொள்கைக்கு மிகச் சிறந்த சான்றாகக் கொண்டார். குப்பிகளைப் பற்றிய செய்தியை முதற்பதிப்பில் வேறோர் அறிஞர் பெயரில் எழுதிவிட்டுப் பின்னைப் பதிப்பில் வான் பேயருக்கே உரியதாக்கித் திருத்தினார். கரு ஒத்திருப்பதன் கரணியம் முன்னோர் ஒருவராய் இருந்ததே என்பது தார்வின் தந்த விளக்கம். வான் பேயரோ 1876இல் மறையும்வரை அவ்விளக்கத்தை ஏற்கவே இல்லை. சான்று திரட்டியவரே முடிவை ஏற்காமற்போவது அறிவியல் வரலாற்றில் புதிதன்று.

இந்த இடத்தில்தான் செருமானியராகிய எர்னசுட்டு எக்கெல் வருகிறார். யேனாப் பல்கலைக்கழகப் பேராசிரியர், கைதேர்ந்த ஓவியர், தார்வினின் கொள்கையைச் செருமனி எங்கும் பரப்பியவர். உயிர்கட்கும் அவற்றின் சூழலுக்கும் உள்ள உறவை ஆயும் சூழலியலுக்கு 1866இல் பெயரிட்டவரும் இவரே. அதே ஆண்டில் அதே நூலில், கருவின் வளர்ச்சி அதன் கொடிவழி வரலாற்றின் சுருக்கமான, விரைந்த மறுநடிப்பு என்று ஒரு நெறியையும் நாட்டினார். முன்னோரின் முழுவளர்ச்சியுற்ற வடிவங்களே வழித்தோன்றலின் கருவில் ஒன்றன்பின் ஒன்றாக வந்துபோகின்றன என்பது அதன் உட்கிடை. வான் பேயர் 1828இலேயே வெளியே தள்ளியதை எக்கெல் மீண்டும் அழைத்துவந்து நடுவீட்டில் அமர்த்தினார்.

1868இல் பொதுமக்களுக்காக அவர் எழுதிய நூலில் நாய், கோழி, ஆமை ஆகிய மூன்றின் கருக்களும் எத்துணை ஒத்தவை என்று காட்ட மூன்று படங்கள் இருந்தன. பேசல் நகரத்து உரூட்டிமேயர் என்னும் அறிஞர் உற்றுப் பார்த்தார். மூன்றும் ஒரே மரக்கட்டை அச்சு! ஒரே அச்சை மூன்று முறை பதித்து மூன்று பெயர்களை எழுதியிருந்தார் எக்கெல். கண்டனம் எழுந்தபின் அடுத்த பதிப்பில் மாற்றினார். 1874இல் வெளியிட்ட மற்றொரு நூலில் மீன் முதல் மாந்தன் வரை 8 உயிர்களின் கருக்களை மூன்று நிலைகளில் வரைந்தார். நம் பள்ளிப் பாடநூல்கள் உட்பட உலகெங்கும் படியெடுக்கப்பட்டது அந்தப் படந்தான். அதே ஆண்டில் உடற்கூற்றறிஞர் வில்கெல்ம் ஃகிசு அதனைப் பழித்து எழுதினார். இவ்வளவும் நடந்தும் படம் மட்டும் நூறாண்டிற்கு மேல் வாழ்ந்தது. 1997இல் மைக்கேல் இரிச்சர்ட்சனும் அவர் உடனாய்வாளரும் பல உயிர்களின் உண்மையான கருக்களை ஒளிப்படமெடுத்து அருகருகே வைத்துக் காட்டினர். எக்கெல் உறுப்புகளைச் சேர்த்தும் நீக்கியும், அளவு வேறுபாட்டை மறைத்தும் வரைந்திருந்தமை வெட்டவெளிச்சமாயிற்று. ஆனால், தம் ஆய்வு படிமலர்ச்சியை மறுக்கிறது என்று பிறர் பரப்பத் தொடங்கியபோது, அவ்வாறன்று என்று 1998இல் அவர்களே எழுதினர். எதிர்ப்போர் முன்னதை மட்டும் எடுத்துக்காட்டுவர், பின்னதை மறைத்துவிடுவர்.

அவையோரே! படத்தின் பிழையைவிடக் கொடிய பிழை ஒன்றுண்டு. உயர்ந்த உயிரின் கரு தாழ்ந்த உயிரின் முழுவடிவைக் கடந்து வருகிறது என்றால், உயிர்களெல்லாம் ஒரே ஏணியின் படிகளாகிவிடும். ஏணியென்று கொண்டால் மாந்தரையும் அதில் ஏற்றி இறக்கத் தோன்றும். அவ்வாறே செய்தனர். 'தாழ்ந்த' இனத்தின் வளர்ந்த ஆள், 'உயர்ந்த' இனத்தின் குழந்தைக்கு ஒப்பானவன் என்றனர். அமெரிக்கத் தொல்லுயிரியலார் எட்வர்டு திரிங்கர் கோப்பு, பெண்களையும் அந்தக் கீழ்ப்படியில் சேர்த்தார். குழந்தையைத் தந்தை ஆள்வது போல வெள்ளையன் பிற நிறத்தாரை ஆளலாம் என்பதற்கு இஃது ஓர் அறிவியற் போர்வை ஆயிற்று.

எக்கெல் தம் நூலின் பிந்திய பதிப்புகளில் மாந்தரை 12 வகைகளாகப் பகுத்தார். ஒரே குலத்தின் கிளைகளாக அன்று, நாயும் நரியும் போலத் தனித்தனி உயிரினங்களாகவே. ஐரோப்பியர் அடங்கிய நடுநிலக்கடல் வகையை உச்சியில் வைத்தார். பாப்புவரையும் ஆப்பிரிக்கரையும் அடியில் வைத்தார். 'திராவிடர்' என்பதும் அப்பன்னிரண்டில் ஒன்று. 1881-82இல் அவர் ஈழத்திற்கு வந்து தென்கரை வெலிகமத்தில் தங்கிக் கடலுயிர்களை ஆய்ந்து சென்றவர் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

இவர் பெயர் இங்குள்ள சிலர்க்கு வேறொரு வகையில் அறிமுகமாகியிருக்கும். மாந்தன் தோன்றிய இடம் இந்தியப் பெருங்கடலில் மூழ்கிய இலெமூரியாவாக இருக்கலாம் என்று எழுதிய ஐரோப்பியருள் இவரும் ஒருவர். நம் நூல்களிலும் சான்றாக இவர் பெயர் வருவதுண்டு. தேவாங்கினத்தைச் சேர்ந்த இலெமூர்கள் பரவியிருந்த முறையை விளக்க 1864இல் சிலேட்டர் என்பார் வைத்த ஊகம் அது. நிலத்தட்டுகள் நகர்கின்றன என்பது 1960களில் உறுதிப்பட்டபின் நிலவியலில் அதற்கு இடமில்லாமற் போயிற்று. எக்கெல் பெயரைச் சான்றாகக் காட்டுவோர், அவர் நம்மை எந்தப் பட்டியலில் எந்தப் படியில் நிறுத்தினார் என்பதையும் படித்துவிட்டுக் காட்டுவது நலம்.

இந்த ஏணிக்கதையில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1926இல் ஆலந்து நாட்டு இலூயி போல்க்கு என்னும் உடற்கூற்றறிஞர் நேர்மாறான கொள்கை ஒன்றை வைத்தார். மாந்தன் தன் குரங்கின முன்னோரின் கருவடிவத்தை வளர்ந்த பின்னும் விடாது கொண்டிருப்பவன். குழந்தைத்தன்மை நீடிப்பதே மாந்தச் சிறப்பு என்றார். அப்படியானால், இதுகாறும் 'குழந்தை போன்றவர்' எனத் தாழ்த்தப்பட்டோர் அல்லரோ மேலே ஏறவேண்டும்? ஏறவில்லை! வெள்ளையரே கருவடிவத்திற்கு மிக அணுக்கமானவர் என்று அவர் கணக்கை மாற்றிக்கொண்டார். முடிவு முன்னே எழுதப்பட்டுவிட்டது. சான்று பின்னே தேடப்பட்டது.

இனி மெய்க்கு வருவோம்.

மாந்தக்கரு நாலாம் கிழமையின் இறுதியில் ஓர் அரிசியளவும் இராது. அப்போது அதன் தலைக்குக் கீழே, கழுத்தின் இருபுறமும் சிறு மடிப்புகள் வரிசையாக எழுகின்றன. இவற்றைச் செவுள்கள் என்று பலர் எழுதிவிட்டனர். மாந்தக்கருவிற்கு எந்நாளும் செவுள் இல்லை; அது தாயின் குருதியிலிருந்தே உயிர்வளியைப் பெறுகிறது. மிடற்று வளைவுகள் என்பதே தக்க பெயர். மீனின் கருவிலும் இதே மிடற்று வளைவுகள் உள்ளன. மீனில் அவை செவுளும் தாடையும் ஆகின்றன. நம்மில் தாடையும் காதெலும்பும் குரல்வளையும் ஆகின்றன. தொடக்கம் ஒன்று, முடிவு வேறு.

காதெலும்பின் கதையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இதனினும் அழகிய சான்று கருவியலில் உண்டோ என்பது எனக்கு ஐயமே. நம் நடுச்செவியில் சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகள் உள்ளன. ஓணானுக்கும் பாம்புக்கும் கோழிக்கும் ஒன்றே உண்டு. எஞ்சிய இரண்டும் நமக்கு எங்கிருந்து வந்தன? 1837இல், தார்வின் நூல் வெளிவருவதற்கு 22 ஆண்டு முன்னரே, இரைச்சர்ட்டு என்னும் செருமானியர் பன்றியின் கருக்களை அறுத்துப் பார்த்தார். முதல் மிடற்று வளைவில், கீழ்த்தாடைக்கு அச்சாக ஒரு குருத்தெலும்புக் கோல் தோன்றுகிறது. அக்கோலின் பின்முனையே சுத்தியெலும்பாகத் திரள்கிறது. அதனோடு மூட்டுக்கொண்ட பகுதி பட்டடையாகிறது. ஊர்வனவற்றின் கருவில் அதே கோலின் பின்முனையும் அதனோடு மூட்டுக்கொண்ட எலும்பும் தாடை மூட்டாகின்றன. ஓணான் கடிப்பதற்குப் பயன்படுத்தும் மூட்டைத்தான், இப்பொழுது என் பேச்சைக் கேட்பதற்கு நீங்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கிறீர்கள்!

எதிர்ப்போர் இங்கே ஒரு நல்ல கேள்வியைக் கேட்டனர். தாடை மூட்டைக் கழற்றிக் காதில் வைப்பதென்றால், இடைக்காலத்தில் அந்த விலங்கு எதைக்கொண்டு மென்றது? விடை பாறையில் இருந்தது. இங்கிலாந்தையடுத்த வேல்சு நாட்டில் கிடைத்து 1949இல் பெயரிடப்பட்ட மோர்கனுகோடன் என்னும் மூஞ்சூறளவு விலங்கு, ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகட்கு முன் வாழ்ந்தது. அதன் தாடையில் இரண்டு மூட்டுகள் அருகருகே இருந்தன: பழைய ஊர்வன மூட்டு ஒன்று, புதிய பாலூட்டி மூட்டு ஒன்று. புதியது சுமையைத் தாங்கத் தொடங்கியபின் பழையது ஓசையைக் கடத்தும் வேலைக்கு ஒதுங்கியது. இதனினும் வியப்பு இன்று வாழும் உயிரில் உள்ளது. அமெரிக்காவின் பைவிலங்காகிய ஒப்போசம் மிகவும் முதிராத நிலையில் குட்டி ஈனும். பிறந்த குட்டியில் அந்தக் காதெலும்புகள் இன்னும் தாடையோடு ஒட்டியே இருக்கின்றன. தாயின் பையில் பாலுண்டு வளரும்போதுதான் அவை விடுபட்டுக் காதிற் சேர்கின்றன. கருவும் கல்லும் ஒரே செய்தியைச் சொல்கின்றன. இரண்டும் தம்முள் பேசி வைத்துக்கொண்டு சொல்லவில்லை.

அப்படியானால் எக்கெல் சொன்னதும் சரிதானே என்று எவரேனும் கேட்கலாம். இல்லை. ஒப்போசக் குட்டி ஓணானாக இருந்து பின் ஒப்போசமாவதில்லை. அது முதல் நொடியிலிருந்தே ஒப்போசந்தான். பழைய முழுவடிவம் அங்கே வரவில்லை. பழைய கட்டுமான முறையே வந்திருக்கிறது.

பழைய முறை ஏன் கைவிடப்படாமல் இருக்கிறது? தேவையில்லாததை ஏன் கட்டி, ஏன் இடிக்க வேண்டும்? சிறுநீரகத்தைப் பார்த்தால் விளங்கும். மாந்தக்கருவில் சிறுநீரகம் மூன்று முறை தோன்றுகிறது. நாலாம் கிழமையில் கழுத்தருகே தோன்றும் முதற்சிறுநீரகம் ஒரு துளி நீரையும் வடிக்காமலே மறைகிறது. மீன்குஞ்சுக்கும் தலைப்பிரட்டைக்கும் அதுவே வேலைசெய்யும் சிறுநீரகம். அடுத்துத் தோன்றும் இடைச்சிறுநீரகம் சில கிழமைகளே வேலை செய்து அழிகிறது. மூன்றாவதே நம்மிடம் நிலைப்பது. முதலிரண்டும் வீண் என்று தோன்றும். ஆனால், முதலாவதோடு தோன்றும் குழாய் கீழ்நோக்கி வளர்ந்து தூண்டினால்தான் இரண்டாவது உண்டாகும். அந்தக் குழாயிலிருந்து ஒரு மொட்டு கிளைத்துத் தூண்டினால்தான் மூன்றாவது உண்டாகும். ஆண்களில் அக்குழாயே விந்துக்குழாயாகவும் எஞ்சுகிறது. முதலாவதை வெட்டியெறிந்தால் மூன்றாவதும் இல்லை, பிள்ளையும் இல்லை.

வெற்று மனையில் புதுவீடு கட்டுபவன் விரும்பியபடி கட்டலாம். குடியிருந்துகொண்டே பழைய வீட்டைத் திருத்துபவன், எந்தச் சுவரின்மேல் எந்த உத்திரம் நிற்கிறது என்று பார்த்துத்தான் கைவைக்க வேண்டும். உயிர்கள் எல்லாம் குடியிருந்துகொண்டே வீடு திருத்தியவை. ஒரு தலைமுறையேனும் கதவடைத்து வேலை பார்க்க அவற்றிற்கு வாய்ப்பில்லை. ஆகவேதான் பழைய சுவர்கள் உள்ளே நிற்கின்றன.

இதனால் விளைந்த கோணல்களும் உண்டு. மூளையிலிருந்து குரல்வளைக்குச் செல்லும் நரம்பொன்று, நேரே செல்லாமல் நெஞ்சிற்குள் இறங்கிப் பெருங்குருதிக்குழாயைச் சுற்றிக்கொண்டு மேலேறுகிறது. மீனில் அது கடைசிச் செவுள் வளைவிற்கு நேர்வழி. கழுத்து நீண்டபோது நரம்பு குழாயின் பின்னே மாட்டிக்கொண்டது. ஒட்டகச்சிவிங்கியில் இந்த வீண்சுற்று 4 மீட்டருக்கும் மேல். திட்டமிட்டு அமைத்த தச்சன் எவனும் இப்படி அமையான். ஓங்கிலின் கருவில் பின்னங்கால் மொட்டுகள் தோன்றிச் சில நாளில் மறைகின்றன. மொட்டைக் காலாக வளர்க்கும் மரபணுத் தூண்டல் ஒன்று அங்கே எழவில்லை என்று 2006இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. பல்லில்லாத திமிங்கலங்களின் கருவில் பல்முளைகள் தோன்றி மறைவது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அறியப்பட்டது. நமக்கும் ஐந்தாம் கிழமையில் வால் உண்டு. எட்டாம் கிழமைக்குள் அது சுருங்கிவிடுகிறது.

வான் பேயரின் நெறியிலும் ஒரு திருத்தம் வேண்டியிருக்கிறது. கருக்கள் தொடக்கத்தில்தான் மிக ஒத்தவை என்று அவர் கருதினார். கோழிக்கரு மஞ்சட்கருவின்மேல் ஒரு வட்டத்தகடாகத் தொடங்குகிறது. தவளையின் முட்டை முழுதும் பிளவுறுகிறது. நம் முட்டையோ கண்ணுக்கே அரிது. ஆகவே தொடக்கம் வேறு, முடிவும் வேறு, நடுவில்தான் ஒப்புமை மிகுதி. 1990களில் இதனை மணற்கடிகை வடிவம் என்றனர் ஐரோப்பிய அறிஞர். நமக்குத் துடியென்றால் போதும். இருபுறமும் அகன்று இடை சிறுத்தது. அந்த இடைப்பகுதியில் மிகப் பழைய மரபணுக்களே மிகுதியாக இயங்குகின்றன என்று வரிக்குதிரை மீனை ஆய்ந்தோரும், அங்கே மரபணு இயக்கம் இனத்திற்கு இனம் மிகக் குறைவாகவே வேறுபடுகிறது என்று பழ ஈக்களை ஆய்ந்தோரும் 2010இல் எழுதினர். இதன் எல்லை எவ்வளவு என்னும் சொற்போர் இன்னும் ஓயவில்லை.

மரபணுவைத் தொட்டதால் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். உடலில் தலை எது, நடு எது, கடை எது என்று கருவிற்கு வரையறுத்துத் தரும் ஒருவகை மரபணுக்கள் ஈயில் முதலில் அறியப்பட்டன. 1984இல் அவற்றிற்குப் பொதுவான ஒரு துண்டு கண்டறியப்பட்டு, அதே துண்டு தவளையிலும் எலியிலும் மாந்தனிலும் இருப்பது தெரியவந்தது. 1995இல் சுவிட்சர்லாந்தில், எலியின் கண்ணை வளர்க்கும் மரபணுவை ஈயின் காலில் இயங்கச் செய்து பார்த்தனர். அவ்விடத்தில் ஒரு கண் முளைத்தது. எலிக்கண் அன்று, ஈக்கண். ஆணை எலியினுடையது, அதனைப் புரிந்துகொண்டு கட்டியது ஈயின் உடல். எலியும் ஈயும் பிரிந்து 50 கோடி ஆண்டுகட்கு மேலாகிறது. இன்னும் அவற்றிற்கு அந்த ஒரு சொல் பொதுவாக இருக்கிறது.

ஐயமுள்ளோர் கேட்கலாம்.